கரையில் நடப்பவர்களே ஏரியின் புதிய ஆயக்கட்டு



பொது நிலங்களுக்கு மக்கள் ஓய்வுக்காகவும் உலாவவும் வருவதைப் பற்றிய ஆய்வுகளே இன்றைய பொருள். இப்படிச் சொன்னதுமே நம் மனம் மலையேறிவிடுகிறது. உதகை, கொடைக்கானல், முதுமலை, ஏற்காடு என்று பட்டியல் நீள்கிறது. தாம்பரம்–வேளச்சேரி சாலையை ஒட்டிக் கிடக்கும் ஏரிகளும் புதர்க்காடும் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. ஆனால் இந்தப் பகுதியில் குடியிருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை மலைக்குப் போனால் பெரிது. ஏரிக்கரைக்கோ விடிந்தால் போகலாம். இந்த உரையில் நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். நகரம் சூழ்ந்துவிட்ட ஓர் ஏரி பிழைக்க வேண்டுமானால், அதை நாள்தோறும் நாடி வரும் ஒரு கூட்டம் வேண்டும். பாசனம் இருந்தவரை அந்தக் கூட்டம் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது ஏரிநீர் பாயும் வயல்களை உடையவர்கள். பாசனம் போன பிறகு அவர்கள் இடத்துக்கு வரக்கூடியவர்கள் கரையில் நடப்பவர்கள். ஆயக்கட்டுதாரரின் தேவையும் ஏரியின் தேவையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. நடப்பவரின் தேவையும் ஏரியின் தேவையும் அப்படித் தாமாக ஒன்றுவதில்லை. எங்கே ஒன்றுகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று அறிந்து சொல்வதே ஆய்வின் வேலை. அந்த வேலை நம் ஊரில் இன்னும் முறையாகத் தொடங்கவில்லை.

மலைகளைப் பற்றி நமக்கு எப்போது கணக்குத் தேவைப்பட்டது என்று முதலில் பார்ப்போம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலையேற்றத்துக்கென அரசு விதிகள் அதே ஆண்டில், அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்தன. வனத்துறை பாதைகளைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் மக்களை வழிகாட்டிகளாக அமர்த்தி, இணையவழிப் பதிவோடு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது 2024 அக்டோபரில். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அதுவும் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால். அந்த மலைகள் எவ்வளவு வண்டிகளைத் தாங்கும் என்று கணிக்கும் பணி சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் நீதிமன்றம் வரம்பு வைத்தது. இவை வேண்டிய நடவடிக்கைகள்தாம். ஆனால் இவற்றின் வரிசையைக் கவனியுங்கள். விபத்தோ வழக்கோ வந்த பிறகுதான் நாம் எண்ணத் தொடங்குகிறோம். ஏரிக்கரையில் நடப்பவருக்குக் காட்டுத்தீ இல்லை. அவரால் போக்குவரத்து நெரிசலும் இல்லை. அதனால் அவரை யாரும் எண்ணுவதில்லை.

பொது நிலங்களுக்கு வருவோரை ஆராயும் துறை வளர்ந்த வரலாறு நமக்கு வேறு வழியைக் காட்டுகிறது. 1928இல் கலிபோர்னியாவின் ரெட்வுட் பூங்காக்களில் மைனெக் என்ற வன நோயியல் அறிஞர், பார்க்க வருவோரின் கால்மிதியால் மண் இறுகி மரங்களின் வேர்கள் எப்படிப் பாதிக்கப்படுகின்றன என்று ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கரிடம் காரும் விடுமுறையும் பெருகின. பூங்காக்கள் நிரம்பி வழிந்தன. 1958இல் அந்நாட்டு நாடாளுமன்றம் திறந்தவெளிப் பொழுதுபோக்கு வளங்களை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. லாரன்ஸ் ராக்ஃபெல்லர் அதன் தலைவர். நாடு முழுவதும் மக்களைக் கேட்டறிந்து 1962இல் அந்த ஆணையம் தந்த அறிக்கையில் இரண்டு முடிவுகள் இன்றைக்கும் நமக்குப் பயன்படும். மக்கள் மிகுதியாகச் செய்வது சிகரம் ஏறுவதோ வேட்டையாடுவதோ அன்று. வண்டியில் உலாப் போவது, நடப்பது, நீந்துவது, கட்டுச்சோறு கொண்டுபோய் உட்கார்ந்து உண்பது போன்ற எளிய செயல்களே என்பது முதல் முடிவு. பொது நிலம் பரந்து கிடப்பது ஆள் அரவம் இல்லாத தொலைவில். தேவையோ பெருநகரங்களை ஒட்டி என்பது இரண்டாவது. யெல்லோஸ்டோன் போன்ற பெரும் பூங்காக்கள் உள்ள நாடே, கேட்டுப் பார்த்த பிறகு, வீட்டுக்கு அருகிலுள்ள நிலத்தின் பக்கம் திரும்பியது. நாம் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை.

நம் பகுதியில் பொது நிலத்துக்குக் குறைவில்லை. வண்டலூரில் காப்புக்காட்டை ஒட்டி 602 ஹெக்டேரில் 1985இல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இருக்கிறது. மேடவாக்கம் போகும் வழியில் சுமார் 320 ஹெக்டேர் நன்மங்கலம் காப்புக்காடு. அங்குள்ள கைவிடப்பட்ட கல்குவாரியின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை குடியிருப்பது பறவை ஆர்வலர் அனைவருக்கும் தெரியும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று ஊருக்கு ஓர் ஏரி. செம்பாக்கத்தின் உபரி நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் போய்ச் சேர்கிறது. இந்த நிலங்களுக்குப் பொறுப்பாளர்களும் பலர். ஏரி நீர்வளத் துறையுடையது. புறம்போக்கு வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கிறது. காடு வனத் துறையிடம். கரையோரப் பூங்காவும் விளக்கும் மாநகராட்சியின் பொறுப்பு. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, செம்பாக்கம் நகராட்சியோடு ராஜகீழ்ப்பாக்கமும் அதற்குள் வந்தது. ஒரு துறையின் பதிவேட்டில் நீர்மட்டம் இருக்கும், இன்னொன்றில் ஆக்கிரமிப்பு, மற்றொன்றில் போட்ட பேவர் பிளாக்கின் சதுர அடி. கரையில் நடக்கும் மனிதருக்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

அந்த மனிதர் ஏன் முக்கியம் என்று காண ஏரியின் வரலாற்றுக்குள் போக வேண்டும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகள் மாவட்டம் என்பார்கள். வற்றாத ஆறு இல்லாத சீமையில் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி வைத்து நெல் விளைத்தார்கள். 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. தூர் வாருவதும் கரையைப் பலப்படுத்துவதும் மதகைப் பழுதுபார்ப்பதும் ஊராரே கூடிச் செய்யும் குடிமராமத்தாக நடந்தன. இதை முன்னோரின் பெருந்தன்மை என்று மட்டும் பேசுவது போதாது. ஏரி நிரம்பாவிட்டால் ஆயக்கட்டுதாரர் வீட்டில் அடுப்பு எரியாது. பராமரிப்புக்குப் பின்னால் இருந்த விசை அதுதான். தண்ணீர் யாருக்கு முதலில், யார் வேலை செய்வது என்பதில் சாதியும் நிலவுடைமையும் புகுந்திருந்தன. அந்த ஒழுங்கை அப்படியே திரும்பக் கொண்டுவர யாரும் விரும்ப வேண்டியதில்லை. ஆனால் அதன் உட்கூறு தெளிவானது. ஏரி எப்படி இருக்கிறது என்பது சிலருடைய அன்றாட வாழ்வைத் தொட்டது. அதனால் அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தப் பக்கத்து வயல்கள் மனைகளாயின. ஆயக்கட்டு போனதும் மதகுக்கு வேலை போனது. வரத்துக் கால்வாயில் மழைநீருக்குப் பதில் கழிவுநீர் வந்தது. நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் நீர்ப்பரப்பை மூடின. ஏரிக்குள்ளும் வீடு வந்தது, குப்பை வந்தது. சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை. 2007இலேயே ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தைக் கேட்டு வாங்கி நிறைவேற்றச் செய்யும் கூட்டம்தான் கரையில் இல்லாமல் போயிற்று.

அந்தக் கூட்டம் இப்போது வேறு உருவில் திரும்பி வருகிறது. சிட்லபாக்கத்தில் 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது குடியிருப்போர் தாங்களே ஏரிக்குள் இறங்கிக் குப்பையை அள்ளினார்கள். அவர்களுடைய தொடர்ந்த வற்புறுத்தலுக்குப் பிறகு மாநில அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கிச் சீரமைப்பைத் தொடங்கியது. செம்பாக்கம் ஏரியில் தி நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட், சென்னை ஐஐடி ஆகியவை அரசோடு சேர்ந்து மீட்பில் இறங்கின. அங்கும் ஏரியைச் சுற்றியுள்ள மக்களின் அக்கறை ஒரு பெரிய துணை. பெங்களூரில் இதை ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். பொதுவளங்களைப் பற்றிய ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோமும் சூழலியல் அறிஞர் ஹரிணி நாகேந்திராவும் அந்நகரின் ஏழு ஏரிகளை ஒப்பிட்டு எழுதிய கட்டுரை 2014இல் வெளிவந்தது. ஏரியின் நிலைக்கும், அதைச் சுற்றியுள்ளோர் கூடிச் செயல்படுவதற்கும் அரசு அமைப்போடு அவர்களுக்குள்ள உறவுக்கும் தொடர்பு இருப்பதை அந்த ஒப்பீடு காட்டியது. மீட்கப்பட்ட கைகொண்டரஹள்ளி ஏரி இதற்கு நல்ல சான்று. அங்கே நடக்க வருவோர் மட்டுமின்றி, மீன் பிடிப்போரும் மாட்டுக்குத் தீவனம் அறுப்போரும் இடம்பெறும் ஏற்பாடு இருந்தது. பயனாளர் கூட்டம் எவ்வளவு விரிந்ததோ ஏரிக்குக் காவலும் அவ்வளவு விரிந்தது.

இதுவரை சொன்னது நம்பிக்கை தரும் பக்கம். முரண்பாடு எங்கே தொடங்குகிறது என்று அறிய ஓர் ஏரிக்கரையின் குறுக்குவெட்டைப் பார்த்தால் போதும். வெளிப்பக்கம் முன்பு வயல், இப்போது வீடுகள். நடுவில் மண்கரை; அதன் உச்சி வண்டி போகும் அகலம். உட்பக்கம் சரிவு, அலைகல், பிறகு நாணலும் சம்பும் வளர்ந்த ஆழமில்லாத நீர். அதற்கும் அப்பால் ஆழம். ஒரு கோடியில் கலங்கல், அதாவது நிறைந்த நீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போக வேண்டிய கல்வரிசை. நடப்பவருக்கு வேண்டியது கரையுச்சியில் மேடுபள்ளமில்லாத பாதை, நிழல், இருட்டினால் வெளிச்சம், உட்கார ஓர் இடம், பெண்கள் அச்சமின்றி வந்துபோகும் பாதுகாப்பு, ஒரு கழிப்பறை. இவை எதுவும் ஏரிக்குப் பகையில்லை. ஆனால் திட்ட மதிப்பீடு எழுதப்படும்போது இதோடு நிற்பதில்லை. பாதையை அகலப்படுத்த உட்சரிவில் மண் கொட்டுகிறார்கள். ஆழமில்லாத ஓரம் அழகாக இல்லை என்று நாணலை வாரி எறிந்து, சுற்றிலும் செங்குத்தாக வெட்டிக் கிண்ணம்போல் ஆக்குகிறார்கள். ஏரியின் உள்வாயில், அதாவது நீர் நிற்க வேண்டிய பரப்பில், பூங்கா, ஓபன் ஜிம், படகுத்துறை வருகின்றன. தாழைக்கோழியும் முக்குளிப்பானும் கூடு வைப்பது அந்த நாணல் ஓரத்தில்தான். மடையானும் நெடுங்கால் உள்ளானும் இரை தேடுவது முழங்காலளவுகூட இல்லாத அந்தத் தண்ணீரில்தான். உள்வாயில் ஏறும் ஒவ்வொரு லோடு மண்ணும் ஏரியின் கொள்ளளவில் கழிகிறது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அப்படி ஒரு மழை பெய்யும் ஊரில் ஏரியின் கொள்ளளவைக் குறைத்துப் பூங்கா அமைப்பது நடப்பவரின் வீட்டுக்கே தண்ணீரைத் திருப்பி விடுவதாகும்.

இந்த இடத்தில்தான் அறுபது ஆண்டு ஆய்வு நமக்குக் கைகொடுக்கிறது. தொடக்கத்தில் அறிஞர்கள் கேட்ட கேள்வி, இந்த நிலம் எத்தனை பேரைத் தாங்கும் என்பது. மேய்ச்சல் நிலம் இத்தனை மாடுகளைத் தாங்கும் என்று கணக்கிடுவதைப் போல ஓர் எண்ணைத் தேடினார்கள். 1964இல் ஆலன் வேகர் இந்தத் தாங்குதிறனைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டபோதே சிக்கலைக் கண்டுகொண்டார். மண்ணையும் செடியையும் அளந்தால் மட்டும் விடை வராது. அந்த இடத்தில் மக்கள் எதைத் தேடுகிறார்கள், எதை மதிக்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும் என்றார். அடுத்த இருபது ஆண்டுகளில் ஆய்வுகள் பெருகின; எல்லா இடத்துக்கும் பொருந்தும் அந்த மாய எண் மட்டும் அகப்படவில்லை. 1985இல் ஜார்ஜ் ஸ்டான்கி, டேவிட் கோல் முதலிய அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள். எத்தனை பேர் என்று கேட்பதை விட்டு, எவ்வளவு மாற்றத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று கேளுங்கள் என்றார்கள். ஓர் இடம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முதலில் கூடிப் பேசி முடிவுசெய்வது; அந்த நிலையைக் காட்டும் சில அளவைகளைத் தேர்ந்தெடுப்பது; ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு வைப்பது; தொடர்ந்து அளப்பது; வரம்பு தாண்டினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. மாண்டானாவின் பாப் மார்ஷல் வனப்பகுதியில், பயன்படுத்துவோரையும் அதிகாரிகளையும் ஒரே மேசையில் அமர்த்தி இந்த முறையைச் செயல்படுத்தினார்கள். நம் மலைகளில் வண்டிக்கு எண் வைத்திருக்கிறோம். எந்த நிலையைக் காப்பதற்காக அந்த எண் என்று பொதுமக்கள் முன் வைத்துப் பேசியிருக்கிறோமா?

இன்னொரு முடிவும் நம் கரைகளுக்கு நேரே பொருந்தும். கால்மிதிக்கும் சேதத்துக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லை என்பதைக் களச் சோதனைகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. யாரும் நடக்காத புல்தரையில் முதலில் போகும் சிலரே பெரும்பகுதிச் சேதத்தைச் செய்துவிடுகிறார்கள். புல் மடிகிறது, மேல்மண் இறுகுகிறது, மழைநீர் இறங்காமல் வழிந்தோடுகிறது. பாதை ஒருமுறை உருவாகிவிட்ட பிறகு அதன்மேல் இன்னும் நூறு பேர் நடப்பதால் வரும் கூடுதல் சேதம் சிறியது. ஆகவே பலரும் வரும் இடத்தில் கூட்டத்தைப் பரப்பி விடுவது தவறு. உறுதியான ஒரே பாதையில் செலுத்துவதே சரி. பறவைகளின் விஷயமும் இதை ஒட்டியதே. எதிர்பார்க்கும் தடத்தில் சீராக நடந்து போகும் மனிதருக்குப் பறவை பழகிக்கொள்கிறது; தடம் விட்டு இறங்கி வருபவரையும் அவிழ்த்து விட்ட நாயையும் கண்டால் எழுந்து பறக்கிறது. ஏரிக்கரைக்கு இதன் பொருள் வெளிப்படை. கரையுச்சியில் காலையில் ஆயிரம் பேர் நடக்கட்டும். உட்சரிவில் ஒரு புதுத் தடம் விழுவதும், தீவுத்திட்டுக்குப் படகில் பத்துப் பேர் போவதும் அதைவிடப் பெரிய கேடு. தலையை மட்டும் எண்ணுகிற கணக்கில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு நம் மாவட்டத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. சுமார் 30 ஹெக்டேர் பாசன ஏரி. கூட்டமாக வந்து கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, கூழைக்கடா ஆகியவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்திருந்த ஊரார், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, துப்பாக்கியோடு வந்த வெள்ளையரைத் தடுக்கச் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் உறுதிமொழி வாங்கினார்கள். 1936இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பார்க்க வருபவர் அங்கே என்ன செய்கிறார்? ஏரியின் ஒரு பக்கத்துக் கரைமேல் நடக்கிறார், கோபுரத்தில் ஏறித் தொலைநோக்கியில் பார்க்கிறார், திரும்புகிறார். நீர்க்கடம்ப மரங்கள் நிற்கும் நீர்ப்பரப்புக்குள் அவருக்கு வேலையில்லை. பாசனம், பறவை, பார்வையாளர் ஆகிய மூன்று பயன்கள் ஒரே ஏரியில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் பிரிந்திருப்பதுதான் காரணம். 2020இல் சரணாலயத்தைச் சுற்றிய ஐந்து கிலோமீட்டர் காப்பு எல்லையைக் குறைக்கும் யோசனை எழுந்தபோது, எதிர்ப்புக் குரல் அந்த ஊர் விவசாயிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. சென்னையிலிருந்தும் ஓங்கி ஒலித்தது. பார்க்க வந்து போனவர்களும் அந்த ஏரிக்கு ஆயக்கட்டாகிவிட்டிருந்தார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: பாதாளச் சாக்கடையே முழுதாக வராத பகுதியில், நடைப்பயிற்சியை ஆராய்வது ஆடம்பரம் இல்லையா? நியாயமான கேள்வி. ஆனால் கழிவுநீரையும் நடைப்பயிற்சியையும் இரண்டு பிரச்சினைகளாகப் பிரிப்பதில்தான் நாம் தவறுகிறோம். கழிவுநீர் எந்த வாய்க்காலில், எந்த நேரத்தில், எந்த நிறத்தில் வருகிறது என்பதை அலுவலகத்துக்கு முன்பே அறிபவர் காலை ஐந்தரை மணிக்குக் கரையில் நிற்பவர். அவர் அறிந்ததைப் பதிவுசெய்து முறையான தகவலாக மாற்றும் வழி இல்லாததால் அது புகாராகவே தேய்ந்துபோகிறது. கரையில் நடக்க முடியாத ஏரிக்குள் கழிவுநீர் கலந்தால் கேட்பாரில்லை. நடக்க வருவோர் பெருகிய ஏரியில் கலந்தால் கேள்வி எழுகிறது. ஆகவே சாக்கடைத் திட்டத்துக்குக் காத்திருந்து பிறகு ஆய்வு என்பதைவிட, அந்தத் திட்டத்தை விரைவுபடுத்தும் கருவியாகவே இந்த ஆய்வைக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இயற்கை ஆர்வலர்களிடமிருந்து வருகிறது. மனிதரை உள்ளே விட்டால் கெடும். வேலி போட்டுப் பூட்டுவதே காப்பு என்பார்கள். பள்ளிக்கரணையின் கதை இதற்கு விடை சொல்கிறது. 1960களில் சுமார் 5,500 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு அது. யாரும் போகாத, யாருக்கும் பயனில்லாத நிலம் என்று கருதப்பட்டதாலேயே பெருங்குடிக் குப்பைமேடு அங்கே வந்தது; சாலைகளும் கட்டடங்களும் அதைத் துண்டாடின. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது, பெரும்பகுதி போயிருந்தது. அந்த அறிவிப்புக்குப் பின்னாலும், 2022இல் சுமார் 1,247 ஹெக்டேருக்குக் கிடைத்த ராம்சார் தகுதிக்குப் பின்னாலும், அந்தச் சதுப்பை நேரில் போய்ப் பார்த்து, பறவைகளைப் பதிவுசெய்து, விடாமல் பேசியவர்களின் உழைப்பு இருக்கிறது. மக்களின் கண்ணில் படாத நிலம் இந்த நகரத்தில் காப்பாற்றப்பட்டதில்லை. ஆனாலும் ஆர்வலர் சொல்வதில் பாதி உண்மையை நான் ஏற்கிறேன். எல்லா இடமும் எல்லாக் காலமும் திறந்திருக்க வேண்டியதில்லை. நாணல் ஓரமும் தீவுத்திட்டும் எப்போதும் மூடியிருக்கட்டும். கூடு வைக்கும் மாதங்களில் கரையின் ஒரு பகுதிகூட மூடப்படலாம். நன்மங்கலம் குவாரியில் ஆந்தை கூடு வைத்திருக்கும் காலத்தில் புகைப்படக்காரர்கள் நெருங்காமல் தடுக்க வேண்டும். எந்த மாதம், எவ்வளவு தூரம் என்பதை அளந்து முடிவு செய்ய முடியும்; அதற்கும் ஆய்வே வழி.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. நடைப்பயிற்சி செய்பவர் யார்? அடுக்குமாடி வீட்டுக்காரர், ஓய்வூதியர். அவருடைய அழகுணர்ச்சிக்காக மீன் பிடிப்பவரையும் ஆடு மேய்ப்பவரையும் ஏரியோரம் குடிசை போட்டவரையும் விரட்டுவதா? இது கற்பனை அச்சமில்லை. பெங்களூரில் ஹெப்பால், நாகவாரா, அகரா ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டபோது கட்டணமும் வேலியும் வந்து, காலங்காலமாகப் பயன்படுத்தியவர்கள் வெளியே நின்றார்கள். 2008இல் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சென்னையின் நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன. அவையும் சதுப்பை ஒட்டி மழைக்கு மூழ்கும் இடங்களே. நீர்நிலையைக் காப்பதாகச் சொல்லி ஏழையை ஒரு வெள்ளத்திலிருந்து இன்னொரு வெள்ளத்துக்கு அனுப்பியது நீதியாகாது. இதற்கு என் பதில், பயனாளர் யார் என்பதையே ஆய்வு விரித்துப் பார்க்க வேண்டும் என்பது. காலை ஆறு மணிக்கு மட்டும் எண்ணினால் ஷூ அணிந்தவர் மட்டுமே தெரிவார். பதினொரு மணிக்கு எண்ணினால் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர் தெரிவார். மூன்று மணிக்கு மரநிழலில் தூங்கும் கட்டடத் தொழிலாளி, ஐந்து மணிக்குக் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள். வராதவரையும் கேட்க வேண்டும். வீட்டுக்கு அருகே கரை இருந்தும் ஒரு பெண் ஏன் மாலையில் வருவதில்லை, சக்கர நாற்காலியில் இருப்பவர் எந்தப் படியில் தடுக்கப்படுகிறார் என்ற விவரம் வந்தவர்களை எண்ணிக் கிடைப்பதில்லை. அமெரிக்க ஆணையம் 1960களில் வீடு வீடாகக் கேட்டதன் பொருள் அதுதான். ஆயக்கட்டு என்பது எல்லாரையும் சேர்த்தது என்று ஆய்வு நிறுவாவிட்டால், வசதியுள்ளவரின் கையில் அது இன்னொரு வேலியாகிவிடும்.

நான்காவதாக, பணம் எங்கிருந்து வரும், படகுவிட்டுக் கட்டணம் வாங்கினால் பராமரிப்புக்கு ஆகுமே என்பார்கள். முட்டுக்காட்டில் 1984 முதல் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு விடுகிறது. அது கடலோடு தொடர்புள்ள விரிந்த கழிமுகம். நூறு ஏக்கருக்கு உட்பட்ட, கோடையில் பாதி வற்றும் ஏரிக்கு அது பொருந்தாது. பெரும் கூட்டத்தை ஈர்த்து வருவாய் ஈட்டும் வேலைக்கு இப்பகுதியில் வண்டலூர்ப் பூங்கா இருக்கிறது. ஊர் ஏரி கட்டணமில்லாமல் இருப்பதே அதன் பலம். காசு கேட்டால் ஆயக்கட்டு சுருங்கும். நடப்பதால் உடம்புக்கும், நிலத்தடி நீருக்கும், வெள்ளத் தடுப்புக்கும் கிடைக்கும் பயனைக் கணக்கிட்டுப் பார்த்தால், மண்கரையும் நிழல்மரமும் சில விளக்குகளும் மாநகராட்சி தாங்கக்கூடிய செலவே. தேவையில்லாத கான்கிரீட்டை விட்டுவிட்டாலே அதற்கான பணத்தில் பாதி கையில் நிற்கும் என்பது என் கருத்து.

ஆகவே நான் முன்வைப்பது பெரிய திட்டமில்லை. இந்த வட்டாரத்தின் ஐந்து ஏரிகளை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நான்கு பருவங்களில், வார நாளிலும் விடுமுறை நாளிலும், விடியலிலிருந்து இரவுவரை கரையில் யார் யார், எதற்கு, எவ்வளவு நேரம் வருகிறார்கள் என்று கல்லூரி மாணவர்கள் எண்ணட்டும். சுற்றியுள்ள தெருக்களில் வராதவரையும் கேட்கட்டும். அதே நாள்களில் கலங்கலில் நீர்மட்டம், வரத்துக் கால்வாயின் நீர்த்தரம், நாணல் ஓரத்தின் நீளம், உட்சரிவில் விழுந்துள்ள புதுத் தடங்கள், பறவைகள் ஆகியவற்றையும் அளக்கட்டும். பறவைகளை எண்ணும் பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. 2015 முதல் தை மாதத்தில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அந்த ஒழுங்கை மனிதருக்கும் நீருக்கும் நீட்டினால் போதும். ஆண்டு இறுதியில் நீர்வளத் துறை, வருவாய்த் துறை, வனத் துறை, மாநகராட்சி, கரையைப் பயன்படுத்துவோர் எல்லாரும் ஒரு மேசையில் அமர்ந்து, இந்த ஏரியில் எந்தெந்த மாற்றத்தை ஏற்கலாம், எது வரம்பு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த வரம்புக்குப் பொருந்தாத எந்த மதிப்பீட்டுக்கும் பணம் ஒதுக்கக் கூடாது என்று மாமன்றம் ஒரு தீர்மானம் போட வேண்டும். கணக்கு ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் யாரும் பார்க்கும்படி ஒட்டப்பட வேண்டும்.

இதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டு நிபுணரோ வேண்டாம். இங்குள்ள கல்லூரிகளில் தாவரவியல், விலங்கியல், புவியியல், சமூகப்பணித் துறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் திட்டக் கட்டுரை எழுதுகிறார்கள். அவற்றில் சில, மலைவாசத் தலங்களை விட்டு நடந்தே போகக்கூடிய ஏரியைப் பொருளாக எடுத்துக்கொண்டால், மூன்றாண்டுகளில் தமிழ்நாட்டில் எங்கும் இல்லாத ஓர் ஆதாரத் தொகுப்பு இந்த வட்டாரத்தில் உருவாகிவிடும். அடுத்த சீரமைப்புத் திட்டம் வரும்போது அந்தத் தொகுப்பு மேசைமீது இருக்க வேண்டும். அது இல்லாதவரை, ஏரிகளுக்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு கோடியும் யாருக்காக, எதற்காக என்று சொல்ல நம்மால் முடியாது. இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை, அடுத்த ஆண்டின் சொற்பொழிவுக்கு முன் அந்த முதல் கணக்கெடுப்புக்கு உதவித்தொகை வழங்க முன்வரட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.